தங்கையைப் பறிகொடுத்தார், ஆஸ்பத்திரி கட்டினார்!

சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் பஸ் ஏறி அங்கே போவது உண்டு.

அந்த ஆஸ்பத்திரி ஓர் அக்காளின் கண்ணீரில் பிறந்தது. அந்த அக்காள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர். தாய் சந்திரம்மாள்.

ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று பலர் எதிர்த்தார்கள். புதுக்கோட்டை மகாராஜா அதைப் பொருட்படுத்தவில்லை. இடம் கொடுத்தார்.

முத்துலட்சுமி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

தங்கையின் மரணம்

அவருடைய தங்கைக்கு வயிற்றில் உபாதை வந்தது. சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். ஆனால் அது மலக்குடல் புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்தார்.

டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அம்மையார் துடித்தார். 1925-ல் லண்டனுக்குப் போய் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார்.

திரும்பி வந்து, சென்னையில் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். பலர் கைவிரித்தார்கள். அம்மையார் ஓயவில்லை. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தங்கை இறந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன!

பரம்பரையாக வருமா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் மற்றவர்களுக்கும் வருமா? அம்மையார் காலத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வழி இல்லை. இன்று வழி இருக்கிறது.

நூறு புற்றுநோயாளிகளில் 5 முதல் 10 பேருக்கு மட்டுமே அது பரம்பரைக் கோளாறினால் வருகிறது. அந்தக் கோளாறு தாய் வழியாகவும் வரலாம். தந்தை வழியாகவும் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

கோளாறு இருப்பதாலேயே நோய் வந்தே தீரும் என்பதில்லை. முன்கூட்டியே தெரிந்தால், அடிக்கடி பரிசோதனை செய்து, நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம்.

ஒரே குடும்பத்தில் பலருக்கோ, இளம் வயதிலேயோ மார்பு, கருப்பை அருகிலுள்ள சினைப்பை, குடல் ஆகியவற்றில் புற்றுநோய் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வரன் அமையாது என்று பயந்து மூடி மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் நோய் மறையாது. அந்தப் பெண்ணின் உயிருக்கே அது ஆபத்தாக முடியலாம்.

பெரம்பலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்குள்ள டாக்டரிடம் குடும்ப விவரத்தைச் சொன்னால், சோதனை தேவையா, எங்கே போகவேண்டும் என்று வழி கேட்கலாம்.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22-ந்தேதி, 81-வது வயதில் காலமானார். தங்கையின் நோயை அவர் ஒளிக்கவில்லை. ஊரறியச் சொன்னார். அதனால்தான் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது.