குழிக்கரை எலும்புகளைத் தேடிப் போனவர்

பூண்டுலோயாவில் எங்கள் லயத்திலிருந்து இரத்தினபுரிக்கு மாணிக்கக் குழி வேலைக்குப் போனவர் என் தாய்மாமா. ஊருக்கு வரும்போதெல்லாம் கைக்கு எட்டாமல் போன கற்களைப் பற்றித்தான் பேசுவார். ஒருமுறை மட்டும் ஓர் எலும்பைப் பற்றிச் சொன்னார். மாணிக்கம் படிந்திருக்கும் சரளை மண்ணை அங்கே ‘இல்லம்’ என்பார்கள். அந்த இல்லத்தோடு கறுத்து, கல்லாய்க் கனத்த பெரிய எலும்பொன்று மேலே வந்திருக்கிறது. விலை போகாத பொருள் என்பதால் மண்மேட்டில் எறிந்துவிட்டார்கள்.

2024 ஜூலையில் நியூயோர்க்கில் ஸ்டெகோசோரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு 44.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் ஒரு கோடீஸ்வரர். பின்னர் அதை அருங்காட்சியகம் ஒன்றுக்குக் காட்சிக்காக இரவல் கொடுத்தார். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் புதைபடிமம் நிலத்துக்காரருக்கே சொந்தம். அந்தச் செய்தியைப் படித்தபோது மாமாவின் எலும்பு நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட எலும்புகளைத் தேடி இரத்தினபுரிக்குப் போன ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். அவர் பி.ஈ.பி. தெரணியகல.

1900இல் பிறந்தவர். தந்தை வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ். கந்தரோடையில் அகழ்வு செய்து எழுதியவர் என்ற வகையில் யாழ்ப்பாணத்தவர்களுக்கு அவரைத் தெரியும். சகோதரர் ஜஸ்டின், புகழ்பெற்ற ஓவியர். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் படித்துத் திரும்பிய தெரணியகல, கடலாமைகள், பாம்புகள், மீன்கள் எனத் தீவின் உயிரினங்களை ஆராய்ந்தார். 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்தார்.

இரத்தினபுரிக் குழிகளின் கணக்கு தனியானது. கல் விற்றால் நிலத்துக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், நீர் இறைக்கும் இயந்திரக்காரர், குழியில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. எலும்புக்குப் பங்கு இல்லை. ஆகவே அது யாருடைய சொத்தும் இல்லை. யாருக்கும் வேண்டாத அந்த எலும்புகளிலும் பற்களிலும் தெரணியகல ஒரு மறைந்த உலகத்தைக் கண்டார். அவை டைனோசர்களுடையவை அல்ல, அவற்றுக்கு மிகப் பிந்திய பனியுகக் காலத்தவை. நீர்யானை, காண்டாமிருகம், அழிந்துபோன யானைகள், சிங்கம் என இன்று இலங்கைக் காட்டில் இல்லாத விலங்குகள் இங்கே வாழ்ந்திருக்கின்றன. 1958இல் வெளியான அவரது ‘இலங்கையின் பிளைஸ்டோசீன்’ என்ற ஆங்கில நூல் இவற்றைத் தொகுத்துக் கூறியது. பலாங்கொடை மனிதனை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

அவர் வைத்த பெயர்களில்தான் எனக்கு ஒரு தயக்கம். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு 1939இல் இலங்கைச் சிங்கத்துக்கு ‘சிங்கலேயஸ்’ என்று பெயரிட்டார். நீர்யானைக்கும் காண்டாமிருகத்துக்கும்கூட அதே பெயர். தீவைக் குறிப்பதாகவே அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் போருக்குப் பின் வாழும் நமக்கு அது ஓர் இனத்தின் பெயராகவே காதில் விழுகிறது. அந்தச் சிங்கம் நடமாடிய காலத்தில் இந்த மண்ணில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. யார் முதலில் வந்தார்கள் என்று இன்னும் சண்டை பிடிப்பவர்கள் அந்தப் பற்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

விலங்கியலில் இன்னொரு வழக்கமும் உண்டு. அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரின் பெயரையும் ஆண்டையும் எழுதுவார்கள். மண்ணை வெட்டி மேலே அனுப்பியவருக்கு அங்கே இடமில்லை. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், கொழுந்து பறித்தவளின் பெயர் இருக்காது. எங்களுக்கு இது புதிதல்ல.

இருந்தும் தெரணியகலவை என்னால் குறைத்து மதிப்பிட முடியவில்லை. அவர் 1976இல் காலமானார். அவர் சேர்த்தவை ஒரு செல்வந்தரின் வரவேற்பறைக்குப் போகவில்லை. பொது அருங்காட்சியகத்துக்குப் போயின. அதனால்தான் பூண்டுலோயாவிலிருந்து பஸ் ஏறிப் போகும் ஒரு தோட்டப் பிள்ளையும் அவற்றை நம்முடையவை என்று சொல்ல முடிகிறது.

மாமாவின் எலும்பு எந்த மேட்டுக்குள் கிடக்கிறதோ. அது யானையா, காண்டாமிருகமா என்று சொல்ல அன்று அந்தக் குழிக்கரையில் யாரும் இருக்கவில்லை.