கணக்கு முடியாத கால்வாய்

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா, கூடாதா என்று எங்கள் பக்கத்தில் வாக்குவாதம் நடந்த காலத்தில், மற்ற நாடுகள் இத்தகைய திட்டங்களுக்கு எப்படிக் கணக்கு வைக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் குடிசனக் கணக்கெடுப்புப் பணியகம் நாட்டின் கட்டுமானச் செலவை மாதந்தோறும் வெளியிடுகிறது. வீதி, பாடசாலை, வைத்தியசாலை என்று பிரித்த அந்தப் பட்டியலில் நீர்வழங்கலுக்கும் தனி வரி உண்டு. அந்த வரியில் அடங்காத செலவு எது என்பதை எனக்கு விளங்கவைத்தது வில்லியம் முல்ஹொலண்டின் வாழ்க்கை.

1855இல் அயர்லாந்தில் பிறந்தவர் அவர். இளவயதிலேயே கப்பலில் வேலைக்குப் போய், 1877இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு தனியார் நீர்வழங்கல் கம்பனியில் வாய்க்கால் துப்புரவு செய்யும் தொழிலாளியானார். பகலில் மண்வெட்டி, இரவில் பொறியியல் புத்தகம். பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே 1886இல் அந்தக் கம்பனியின் மேற்பார்வையாளரானார். 1902இல் மாநகரம் கம்பனியை வாங்கியபோது அவரும் கூடவே மாநகரப் பணிக்கு வந்தார். நகரின் குழாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்ற விபரமெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தது என்பார்கள்.

நகரம் வேகமாக வளர்ந்தது, ஆறு போதவில்லை. வடக்கே தொலைவில் உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றைக் கொண்டுவர அவர் திட்டமிட்டார். காணிகளும் நீருரிமைகளும், உண்மையான நோக்கம் வெளியே தெரியாமல் வாங்கப்பட்டன. 1907இல் மக்கள் வாக்களித்து 23 மில்லியன் டொலர் கடன்பத்திரங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 233 மைல் கால்வாய். எங்கும் நீரிறைக்கும் இயந்திரம் இல்லை, தண்ணீர் சரிவிலேயே ஓடியது. 1913 நவம்பர் 5ஆம் திகதி அது திறக்கப்பட்டது. மதிப்பிட்ட செலவுக்குள் வேலை முடிந்ததால் முல்ஹொலண்ட் நகரின் நாயகனானார்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நடந்தது வேறு. 1920களில் அந்த ஆறு போய்ச்சேர்ந்த பெரிய ஏரி வற்றிப்போனது. வயல்களும் பழத்தோட்டங்களும் கைவிடப்பட்டன. 1924இல் விவசாயிகள் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் குடும்பங்களாகத் திரண்டு மதகுகளைப் பிடித்து, தண்ணீரைப் பழைய வழியில் திருப்பிவிட்டார்கள்.

நகரின் பாதுகாப்புக்காக அருகிலேயே நீரைச் சேமிக்க முல்ஹொலண்ட் சென் பிரான்சிஸ் அணையைக் கட்டினார். கட்டும்போதே உயரம் கூட்டப்பட்டது. அடித்தளம் அதற்கேற்ப அகலமாக்கப்படவில்லை. வெளிநிபுணர்களின் தனியான ஆய்வும் இல்லை. 1928 மார்ச் 12ஆம் திகதி காலை கசிவைப் பார்வையிட்ட அவர், ஆபத்தில்லை என்று சொல்லிப் போனார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400க்கும் அதிகமானோர் உறக்கத்திலேயே வெள்ளத்தில் அகப்பட்டு மாண்டார்கள். விசாரணையில் அவர் பழியை வேறு எவர் மீதும் போடவில்லை. விரைவில் பதவியை விட்டு ஒதுங்கி, 1935இல் காலமானார்.

கணக்கு அதோடு முடியவில்லை. வற்றிய ஏரியிலிருந்து எழும் நச்சுத் தூசியை அடக்க, அவருக்குப் பிந்திய தலைமுறைகள் 2,000 மில்லியன் டொலருக்கும் மேல் செலவழித்தன. அன்றைய டொலரும் இன்றைய டொலரும் ஒன்றல்ல. ஆனாலும், மதிப்பீட்டுக்குள் முடிந்ததாகப் பாராட்டப்பட்ட ஒரு திட்டத்தின் பாக்கி, நூறாண்டுக்குப் பிறகும் தீராமல் இருந்தது.

போரில் எல்லாவற்றையும் இழந்து கிளிநொச்சிக்குத் திரும்பியவர்கள் பலருக்கு மிஞ்சியிருந்தது இரணைமடுவின் கீழுள்ள வயல்தான். குழாயில் நல்ல தண்ணீர் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இப்போது ஒரு நீர்த்திட்டத்தின் அறிவிப்புப் பலகையில் எத்தனை மில்லியன் என்று வாசிக்கும்போது, நான் இன்னும் மூன்று விடயங்களைத் தேடுகிறேன்: தண்ணீர் யாரிடமிருந்து வருகிறது, வேலையைத் தனியாக நின்று ஆய்வு செய்தவர் யார், திறப்புவிழாவுக்குப் பிறகு வரும் செலவு யார் தலையில் விழும். பலகையில் அவை இருப்பதில்லை. நாங்கள்தான் கேட்கவேண்டும்.