மூன்று சதுரங்களை ஒன்றாக்கிய மேதை

கணித மேதைகள் என்றதும் கிரேக்க அறிஞர்களின் பெயர்களே நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். நான் எழுத விரும்புவது, கைவினைஞர்களோடு ஒன்றாக அமர்ந்து கணிதம் பேசிய பக்தாத் அறிஞர் ஒருவரைப் பற்றி. அவர்தான் அபுல் வபா அல்-பூஸ்ஜானி.

அவர் கி.பி. 940 ஜூன் 10ஆம் திகதி, அதாவது ஹிஜ்ரி 328 ரமழான் முதல் நாள், குராசான் பிரதேசத்தின் பூஸ்ஜான் என்ற ஊரில் பிறந்தார். அது இன்றைய ஈரானில் உள்ளது. சாச்சாவிடமும் தாய்மாமாவிடமும் கணிதம் கற்றார். 959இல், பத்தொன்பது வயதில், பக்தாத் சென்றார். இறுதிவரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.

அங்கே எழுத்தர்களுக்கும் அதிகாரிகளுக்குமாக ஒரு கணக்கு நூல் எழுதினார். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால், எண் குறியீடு எதையும் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் சொற்களிலேயே எழுதினார். மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருவதைக் கடன் என்று விளக்கினார். வானியலுக்காகக் கால் பாகை இடைவெளியில் சைன் அட்டவணையும் தயாரித்தார்.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது, 990ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவர் கைவினைஞர்களுக்காக எழுதிய வடிவகணித நூல்தான். ஒழுங்கான ஐங்கோணி, எண்கோணி, பத்துக்கோணி போன்றவற்றை வரையும் முறைகள் அதில் உள்ளன. சிலவற்றைக் கவராயத்தின் விரிவை ஒருமுறைகூட மாற்றாமலே வரைந்து காட்டுகிறார்.

ஒழுங்கான பல்கோணிகளின் அழகு அவற்றின் சுழற்சிச் சமச்சீரில் இருக்கிறது. மையத்தைப் பற்றிச் சதுரத்தை 90 பாகையும், ஐங்கோணியை 72 பாகையும், எண்கோணியை 45 பாகையும் சுழற்றினால் அவை முன்பிருந்தபடியே பொருந்தும். ஒரு பக்கம் சற்றுப் பிழைத்தாலும் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும். சுவர் முழுவதும் ஓடு பதிப்பவருக்கு அது பெரிய நட்டம்.

ஒரே அளவான மூன்று சதுரங்களை வெட்டி ஒரு பெரிய சதுரம் ஆக்குவது எப்படி? கைவினைஞர்களிடம் இதற்குச் சில முறைகள் இருந்தன. அவை கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தன. ஆனால் நிறுவலுக்கு நிற்கவில்லை. அறிஞர்களுக்கோ நிறுவல் தெரியும், வெட்டும் வேலையின் சிரமம் தெரியாது. அபுல் வபா இரு தரப்பாரின் குறையையும் எடுத்துக்காட்டினார்.

அவருடைய வழி இது. இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் நான்கு முக்கோணிகள் கிடைக்கும். மூன்றாவது சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு மூலையிலிருந்து தொடங்கி, ஒரு முக்கோணியின் நீண்ட பக்கத்தைக் காற்றாடிபோல ஒரே திசையில் வைக்க வேண்டும். பின்னர் முக்கோணிகளின் செங்கோண உச்சிகளை இணைத்தால் பெரிய சதுரம் கிடைக்கும். வெளியே நீட்டிநிற்கும் நான்கு சிறு துண்டுகளும் உள்ளே உள்ள நான்கு இடைவெளிகளையும் அப்படியே நிரப்பிவிடும். அந்த உருவம் 90 பாகைச் சுழற்சியில் பொருந்துவதால், ஒரு மூலைக்குச் சரியானது நான்கு மூலைக்கும் சரியாகிறது. காகிதத்தில் வெட்டிப் பார்த்தபோது இது எனக்கு நன்றாக விளங்கியது.

ஏழுகோணிக்கும் ஒரு வழி தந்தார். வட்டத்தினுள் வரைந்த சமபக்க முக்கோணியின் பக்கத்தில் பாதியை ஏழுகோணியின் பக்கமாக எடுக்க வேண்டும். ஏழு முறை சுற்றி வந்தால் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியே மிஞ்சும். நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான ஏழுகோணியை மிகச்சரியாக வரையவே முடியாது என்பது 1837இல்தான் நிறுவப்பட்டது.

997இல் ஒரு சந்திர கிரகணத்தை அவர் பக்தாதிலிருந்தும், இளைஞரான அல்-பிரூனி தொலைவிலுள்ள காத் நகரிலிருந்தும் அவதானித்தனர். இரு ஊர்களுக்கும் இடையே நேர வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எனக் கண்டனர். அதன்பின் அவர் நீண்டகாலம் வாழவில்லை. இன்று சந்திரனிலுள்ள ஒரு பள்ளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தையல் படிக்கும் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று எங்கள் வீடுகளில் கேட்பதுண்டு. கணிதத்தில் கெட்டிக்காரியான பிள்ளை கைவேலையில் நேரத்தை வீணாக்குவதா என்று கேட்பவர்களும் உண்டு. அபுல் வபாவின் வாழ்க்கை இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடையைத் தருகிறது. கைக்குக் கணிதம் வேண்டும். கணிதத்துக்கும் கை வேண்டும். அன்புச் சகோதரிகளே, அடுத்த முறை கவராயத்தைக் கையில் எடுக்கும்போது பரீட்சைப் புள்ளியை மட்டும் நினைக்காதீர்கள். நீங்கள் வரையும் அந்த வட்டத்திலிருந்து ஒரு சுவரும் ஒரு விரிப்பும் அழகு பெறலாம்.