சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910 – 1995)

மாணவர்களே, யட்டியாந்தோட்டைப் பகுதியில் மழை குறைந்த பெப்ரவரி மாத இரவொன்றில் 8 மணியளவில் வெளியே வந்து, தலைக்கு மேலே சற்றுத் தெற்குப் பக்கமாகப் பாருங்கள். அங்கு தெரிவது சிரியஸ். இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் இதுவே. இதற்கு வெறுங்கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று உண்டு. அது பருமனில் ஏறத்தாழப் பூமியளவானது. திணிவிலோ ஏறத்தாழச் சூரியனளவானது. இத்தகைய விண்மீன் வெண்குள்ளன் எனப்படும். வெண்குள்ளனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்துக் காட்டியவரே சந்திரசேகர்.

இவர் 1910 ஒக்டோபர் 19 இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் புகையிரதக் கணக்காய்வுத் துறை அதிகாரி. நோபல் பரிசு பெற்ற சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார். சென்னை திருவல்லிக்கேணியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் கற்ற இவர், புலமைப்பரிசில் பெற்று 1930 ஜூலை 31 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது வயது 19.

அவர் கணித்தது என்னவென்று விளங்க, விண்மீன் எவ்வாறு இறக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். சூரியனைப் போன்ற விண்மீன், மையத்திலுள்ள ஐதரசன் தீர்ந்ததும் பெரிதாக வீங்கிச் செவ்வரக்கன் ஆகிறது. பின்னர் அதன் வெளிப்படைகள் விண்வெளியில் விலகிச் செல்கின்றன. எஞ்சிய சூடான மையத்திலிருந்து வரும் புறஊதாக் கதிர்கள் அவ்வாயுவை அயனாக்க, அது ஒளிர்கிறது. ஒட்சிசன் பச்சையாகவும் ஐதரசன் சிவப்பாகவும் ஒளிவிடும். இதுவே கோள் நெபுலா. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்; கோள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தொலைகாட்டியில் பார்த்தபோது கோள் போல வட்டமாகத் தெரிந்ததால் இப்பெயர் நிலைத்துவிட்டது. சில பத்தாயிரம் ஆண்டுகளில் வாயு கலைந்துவிடும். மையம் வெண்குள்ளனாக எஞ்சும்.

வெண்குள்ளன் தன் ஈர்ப்பினால் நொறுங்காமல் தாங்குவது இலத்திரன்களின் அமுக்கம். கப்பலில் சந்திரசேகர் இவ்விலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அண்மித்து இயங்குவதையும் கணக்கில் சேர்த்தார். திணிவு ஓர் அளவைத் தாண்டினால் அந்த அமுக்கம் போதாது என்ற முடிவு கிடைத்தது. அவ்வெல்லை சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்கு. இதுவே சந்திரசேகர் எல்லை. இது எஞ்சும் மையத்துக்கான எல்லை. தொடக்க விண்மீனுக்கானது அன்று. மாணவர் பலர் தவறவிடும் இடம் இது. சூரியனைப் போல 8 மடங்கு வரையான திணிவுள்ள விண்மீனும் பெரும்பகுதியை உதறிவிட்டு வெண்குள்ளனாகலாம். அதற்கு மேற்பட்டவை பொதுவாக வெடித்துச் சிதறும். 1054 இல் சீனர் கண்ட வெடிப்பின் எச்சமே நண்டு நெபுலா.

1935 ஜனவரி 11 இல் இலண்டன் அரச வானியற் கழகத்தில் தமது முடிவைச் சமர்ப்பித்தார். உடனடியாக எழுந்த ஆதர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். எடிங்டன் அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளர். சந்திரசேகருடன் நெருங்கிப் பழகியவருங்கூட. இளைஞரின் கணிப்புச் சரியென்று அறிந்த சில பௌதிகவியலாளரும் வெளிப்படையாகப் பேசவில்லை. 24 வயதில் இதைத் தாங்குவது எளிதன்று. அவர் சண்டையை வளர்க்கவில்லை. 1937 இல் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939 இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றி நூலொன்றை எழுதி முடித்துவிட்டு வேறு ஆய்வுக்குச் சென்றார். 1944 இல் எடிங்டன் காலமானபோது அவரைப் புகழ்ந்தே பேசினார்.

1983 இல் வில்லியம் ஃபவ்லருடன் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கப்பற் பயணம் முடிந்து 53 ஆண்டுகள் கடந்திருந்தன. 1995 ஓகஸ்ட் 21 இல் சிக்காகோவில் காலமானார். 1999 ஜூலையில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிக்குச் 'சந்திரா' என இவருடைய பெயரே சூட்டப்பட்டது. இறக்கும் விண்மீனொன்றைச் சூழ்ந்த பூனைக்கண் நெபுலாவினுள் உள்ள வெப்ப வாயுவையும் அது படம்பிடித்தது.