மலையில் பிறந்த ஆட்டம்

உதகைக்குச் செல்வோர் பூங்காவைக் காண்பர், ஏரியைக் காண்பர். வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் உதகை மன்றத்தை எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்புவர். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்துச் சுவரில் ஒட்டப்பட்டது அந்த மன்றத்தில்தான் என்பதை நம் தோழர்களில் எத்தனை பேர் அறிவர்?

விதிகளை வகுத்தவர் பெயர் நெவில் சேம்பர்லின். இட்லரோடு மியூனிக்கில் உடன்பாடு செய்துகொண்டு திரும்பிய பிரதமர் சேம்பர்லினை எண்ணிவிட வேண்டாம். பெயர் ஒன்று, ஆள் வேறு. இவர் பட்டாளத்துக்காரர்.

1856-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். 1873-இல் படையில் அதிகாரியானார். டெவன்ஷயர் படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்தார். 1875-இல் அப்பிரிவு ஜபல்பூரில் தங்கியிருந்தது. மழைக்காலம், அதிகாரிகளுக்குப் பொழுது போகவில்லை. பில்லியர்ட்ஸ் மேஜையே கதி. பதினைந்து சிவப்புப் பந்தும் ஒரு கறுப்புப் பந்தும் வைத்து அவர்கள் ஆடி வந்த ஆட்டத்தில் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்துப் பார்த்தார் சேம்பர்லின். சுவை கூடிற்று. உல்விச் படைப் பள்ளியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக ஸ்னூக்கர் என்று அழைப்பது வழக்கமாம். எளிய அடியைத் தவறவிட்ட நண்பர் ஒருவரை அச்சொல்லால் கேலி செய்தார். பிறகு, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே கற்றுக்குட்டிகள்தாம் என்று அவரைச் சமாதானமும் செய்தார். கேலிப் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று.

அதிகாரிகள் நிறப் பந்து சேர்த்து மகிழ்ந்த அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைக் கவ்வியது. 1876 முதல் 1878 வரை மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பிழைத்தவர் பலர் மலைத் தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் கூலிகளாய்ப் போயினர். ஒரே நாடு, ஒரே காலம்! ஒரு கூட்டத்துக்குப் பொழுது போகவில்லை. மற்றொரு கூட்டத்துக்கு உயிரே போயிற்று.

சேம்பர்லின் பின்னர் மத்திய இந்தியக் குதிரைப் படையில் சேர்ந்தார். ஆப்கானியப் போரில் காயமடைந்தார். தளபதி இராபர்ட்சின் நம்பிக்கையைப் பெற்றார். 1881-இல் இராபர்ட்ஸ் சென்னைப் படையின் தலைமைத் தளபதியானபோது உடன் வந்தார். கோடையில் மாகாண அரசே மலையேறி உதகைக்குப் போய்விடும் காலம் அது. அங்கே 1882-ஐ ஒட்டி ஆட்டத்தின் விதிகள் திட்டமாயின. மன்றத்துச் சுவரில் ஏறின.

அது ஆங்கிலேயர் தமக்கென நடத்திய மன்றம். நம்மவருக்கு அங்கிருந்த இடம் பணியாளர் இடமே. குன்னூருக்கு மலை இரயில் வந்தது 1899-இல். உதகைக்கு வந்தது 1908-இல். ஆகவே அந்நாளில் சீமான்களின் மேஜையும் நாற்காலியும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப் பாதையில் மாடும் மனிதனும் இழுத்துத்தான் மேலே வந்திருக்க வேண்டும். இழுத்த தோள்களின் பெயர் எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை.

1885-இல் இந்தியாவுக்கு வந்த பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் இராபர்ட்ஸ், சேம்பர்லினைச் சந்தித்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு தாயகம் திரும்பினார். ஆட்டம் கடல் கடந்தது. சேம்பர்லினோ காசுமீரத்தில் படைச் செயலாளராகவும், தென்னாப்பிரிக்கப் போரில் இராபர்ட்சின் அந்தரங்கச் செயலாளராகவும் இருந்துவிட்டு, 1900-இல் அயர்லாந்துப் போலீசின் தலைவரானார். 1916-இல் டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கன்னோலியை, காயத்தால் நிற்கவும் இயலாத நிலையில், நாற்காலியில் இருத்திச் சுட்டுக் கொன்றது ஏகாதிபத்தியம். அதே ஆண்டில் சேம்பர்லின் பதவியை விட்டு விலகினார்.

ஆட்டம் வளர்ந்தது, தொடங்கியவர் பெயர் மறைந்தது. பிறந்த இடம் பற்றிப் பல கதைகள் உலவின. கடைசியில் 1938-இல், எண்பத்திரண்டாம் வயதில், சேம்பர்லினே இலண்டன் ஏடு ஒன்றுக்குக் கடிதம் எழுதி உரிமை கோரினார். உயிரோடிருந்த பழைய அதிகாரிகள் சிலர் சான்று கூறினர். நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி ஆராய்ந்து அடுத்த ஆண்டு கட்டுரை எழுதினார். அதன் பிறகே பெயர் நிலைத்தது. 1944 மே 28-இல் சேம்பர்லின் காலமானார்.

ஆனால் ஆட்டத்தின் கதை அவரோடு முடியவில்லை. 1927-இல் முதல் உலகப் பட்டத்தை வென்ற ஜோ டேவிசின் தந்தை, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ஆறு முறை உலகப் பட்டம் பெற்ற ரே ரியர்டன் தாமே சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் சரிந்து மூன்று மணி நேரம் மண்ணுக்குள் கிடந்து மீண்டவர் அவர். நம் நாட்டின் ஓம் அகர்வால் 1984-இல் அமெச்சூர் உலகப் பட்டத்தை வென்றார். எங்கே? சேம்பர்லின் போலீஸ் தலைவராயிருந்த அதே டப்ளினில்! சீமான்களின் மன்றத்தில் பிறந்த ஆட்டத்தை உழைப்பாளி கைப்பற்றினான். அடிமை நாட்டான் வென்று காட்டினான்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? சர் பட்டம் பெற்ற கர்னலின் பெயரே மறையப் பார்த்தது. அவருக்கு எழுதத் தெரிந்தது, வெளியிட ஏடு இருந்தது, சான்று சொல்லத் தளபதிகள் இருந்தனர். தேயிலைத் தோட்டத்துப் பந்தாட்டக்காரனுக்கு என்ன இருக்கிறது? எட்டு மணி நேரம் கொழுந்துக் கூடைக்கும் கவாத்துக் கத்திக்கும் உழைத்துவிட்டு, சரிவான தரையில் வெறுங்காலோடு ஆடியவனின் பெயரை எந்த விளையாட்டு வரலாற்று நூல் சொல்கிறது?

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், பொழுதுபோக்கு வசதியையும் தோட்ட நிர்வாகம் செய்து தர வேண்டியவற்றுள் ஒன்றாக எழுதி வைத்தது. ஆட்டம் தொழிலாளிக்கு யாரும் போடும் பிச்சை அன்று, உரிமை. ஆடுவது உரிமை என்றால், ஆடியதைப் பதிவு செய்வதும் உரிமையே.

ஆகவே தோழர்களே, நமது படிப்பகங்களில் அரசியல் நூல்களுக்கு அருகே விளையாட்டு வரலாற்று நூல்களும் இடம்பெறட்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் முதிய ஆட்டக்காரர்கள் இருப்பின் தேடிச் செல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தத் திடல், யார் யார் ஆடினர் என்று கேட்டு எழுதி வையுங்கள். சேம்பர்லின் எண்பத்திரண்டு வயதில் எழுதினார். அப்போதும் சான்று சொல்ல ஆள் இருந்தது. நம் முதியவர்களுக்குச் சான்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.