லிபியாவில் பிறந்த ரோமப் பேரரசர்

இன்றைய லிபியாவின் கடலோரத்தில் லெப்திஸ் மாக்னா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. கி.பி. 145இல் அங்கு பிறந்த செப்டிமியஸ் செவெரஸ், ஆபிரிக்க மண்ணிலிருந்து ரோமின் பேரரசராக வந்த முதலாமவர். அவரது மனைவி ஜூலியா டொம்னா சிரியாவின் ஹிம்ஸ் நகரத்துப் பெண். ரோமப் பேரரசர் என்றாலே இத்தாலியர் என்று எண்ணிக்கொள்வோருக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் அதைவிட வியப்பானது அவர் ஆட்சிக்கு வந்த விதம்.

பேரரசருக்குரிய அதிகாரங்களை வழங்குவது செனட் சபையின் உரிமை. அது ஏட்டில் மட்டும்தான். 193 மார்ச்சில், தங்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்ற பேரரசர் பெர்டினாக்ஸை அவருடைய மெய்க்காவல் படையினரே வெட்டிக் கொன்றனர். அவர் ஆண்டது மூன்று மாதம்கூட இல்லை. பின்னர் படை முகாமில் அரியணை ஏலத்துக்கு வந்தது. கொல்லப்பட்டவரின் மாமனாரும் கேட்டார், டிடியஸ் ஜூலியானஸ் என்ற செல்வந்தரும் கேட்டார். சிப்பாய் ஒருவருக்கு 25,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாகச் சொன்ன ஜூலியானஸ் வென்றார். செனட் சபையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

அப்போது செவெரஸ், இன்றைய ஆஸ்திரியாவை ஒட்டிய டான்யூப் எல்லை மாகாணமொன்றின் ஆளுநர். ஏப்ரலில் அவரது படையினர் அவரைப் பேரரசர் என அறிவித்தனர். சிரியாவில் நைஜரும் பிரிட்டனில் அல்பினஸும் படைபலத்தோடு இருந்தார்கள். ஆனால் ரோமுக்கு மிக அருகில் இருந்தவர் செவெரஸ்தான். அல்பினஸுக்கு வாரிசுப் பட்டமொன்றைக் கொடுத்து அமைதிப்படுத்திவிட்டு அவர் தெற்கே விரைந்தார். படை நெருங்கியதும் அதே செனட் சபை ஜூலியானஸுக்கு மரண தண்டனை விதித்தது. விலை கொடுத்து வாங்கிய பதவி 66 நாள்தான் நிலைத்தது.

ஏலம் போட்ட மெய்க்காவல் படையை ஆயுதமின்றி வரவழைத்த செவெரஸ், அவர்களைச் சுற்றிவளைத்துப் பணிநீக்கம் செய்து நகரத்தைவிட்டே விரட்டினார். இத்தோடு விட்டிருந்தால் அவரைச் சீர்திருத்தவாதி என்றே சொல்லலாம். ஆனால் காலியான இடங்களில் தன் சொந்தப் படையினரை நிரப்பினார். ஆட்கள் மாறினார்களே தவிர முறை மாறவில்லை.

194இல் நைஜரும், 197இல் இன்றைய லியோன் நகருக்கருகே அல்பினஸும் தோற்று மாண்டனர். அல்பினஸை ஆதரித்த செனட்டர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். சிப்பாய்களின் சம்பளம் உயர்ந்தது, சேவையில் இருக்கும்போதே மணமுடிக்கவும் அனுமதி கிடைத்தது. செவெரஸை வெறும் வாள் பிடித்த மனிதராகக் காட்டுவதும் சரியல்ல. பாபினியன் போன்ற பெரும் சட்ட அறிஞர் அவரிடம் பணியாற்றினார். பிறந்த ஊரையும் அழகிய கட்டடங்களால் நிரப்பினார்.

211 பெப்ரவரியில், இங்கிலாந்தின் யோர்க் நகரில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, இரு பிள்ளைகளும் ஒற்றுமையாக இருக்க வேண்டும், படையினருக்கு வாரிக்கொடுக்க வேண்டும், மற்றவர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று அவர் அறிவுரை சொன்னதாக அக்காலத்து வரலாற்றாசிரியர் டியோ எழுதியிருக்கிறார். மூத்தவர் கரகல்லா அறிவுரையின் நடுப்பகுதியை மட்டும் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் தம்பி கெட்டாவைத் தாயின் மடியிலேயே கொல்லச் செய்துவிட்டு, நேரே படை முகாமுக்கு ஓடிப் பணம் தருவதாக வாக்களித்தார். பாபினியனும் பின்னர் கொல்லப்பட்டார்.

217இல், ஹர்ரான் நகருக்குச் செல்லும் வழியில், கரகல்லாவைக் குத்திக் கொன்றவர் அவரது படையைச் சேர்ந்த ஒருவர்தான். அந்தக் குடும்பத்தின் கடைசிப் பேரரசர் அலெக்சாண்டரும் 235இல், ரைன் நதிக்கரையில், தாயோடு சேர்த்துத் தன் சிப்பாய்களாலேயே கொல்லப்பட்டார்.