கோஷாப் பெண்களின் வைத்தியர் மேரி ஷார்லீப்

சென்னைக்குச் சாமான் எடுக்கப் போகும் எங்கள் ஊர்ப் புடவை வியாபாரிகள் பெரும்பாலும் திருவல்லிக்கேணியில்தான் தங்குவார்கள். அங்கே கடற்கரைக்குக் கிட்ட பெண்களுக்கான பெரிய அரசாங்க வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகையில் கஸ்தூரிபா காந்தி என்று இருந்தாலும் அந்தப் பகுதி மக்களுக்கு அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். கோஷா என்ற சொல் நமக்கும் புதிதல்ல. பாரசீகத்தில் அதற்கு மூலை என்று பொருள். அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் பெண்களைக் கோஷாப் பெண்கள் என்றார்கள். என் உம்மும்மா சிறுபிள்ளையாக இருந்தபோது, கலியாண வீட்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் மாட்டு வண்டிக்குச் சேலை கட்டி மறைப்பார்களாம்.

அந்தச் சொல்லைத் தாங்கிய வைத்தியசாலையை ஏற்படுத்தியவர் முஸ்லிம் அல்லர், இந்தியரும் அல்லர். இலண்டனில் பிறந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி அவர். உயர்தர வகுப்பில் இனப்பெருக்கத் தொகுதியைப் படிக்கும்போது, சூலகத்தில் வரும் கட்டிகளைப் பற்றிக் கூடுதலாக அறிய விரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். அப்படித்தான் அவருடைய வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. பெண்களின் வயிற்றுக் கட்டிகளை அறுத்து உயிர் காப்பாற்றிய சத்திரசிகிச்சை வைத்தியராக அவர் பெயர் பெற்றிருந்தார். அதனால் இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றியும் வரும், சூலகத்தைப் பற்றியும் வரும்.

மேரி 1845ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி பிறந்தார். பிறந்து சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். பிரசவத்தில் தாயை இழந்த பிள்ளை பிற்காலத்தில் பிரசவ வைத்தியராக வந்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தார். 1865இல் வில்லியம் ஷார்லீப் என்ற சட்டத்தரணியை மணந்தார். கணவருக்குச் சென்னையில் தொழில். மறுவருடம் இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தார்கள்.

கணவர் நடத்திய சட்டப் பத்திரிகை வேலைகளில் மேரி உதவி செய்வார். அந்த வேலைக்கு வந்து போகிறவர்கள் மூலமாகத்தான் உள்ளூர்ப் பெண்களின் நிலை அவர் காதுக்கு எட்டியது. பிரசவம் சிக்கலாகிப் போனாலும், வயிற்றில் கட்டி வளர்ந்தாலும், அந்தப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் போக மாட்டார்கள். வீட்டார் கூட்டிப் போகவும் மாட்டார்கள். பெண் வைத்தியரோ கிடையாது. அனுபவமுள்ள மருத்துவிச்சி கைவிட்டால் பிறகு மரணம்தான். முஸ்லிம் வீடுகளில் மட்டும் இப்படி இருக்கவில்லை. உயர்சாதி இந்து வீடுகளிலும் இதே கதைதான். பிறகு வந்த வைத்தியசாலையின் பெயரிலேயே சாதிப் பெண்களும் கோஷாப் பெண்களும் சேர்ந்து இடம்பெற்றதற்கு இதுதான் காரணம்.

இதைக் கேட்டு இரக்கப்பட்டு விட்டுவிட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். மேரி பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அது போதாது என்று விரைவிலேயே கண்டுகொண்டார். வைத்தியம் முழுவதையும் படிக்க வேண்டும் என்று விரும்பினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு எளிதில் திறக்கவில்லை. ஆனால் சென்னையில் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்த எட்வர்ட் பெல்ஃபர் பெண்கள் படிப்பதை ஆதரித்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி. வயது 30. வீட்டில் மூன்று பிள்ளைகள். நம் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் முதல் மாணவி சேர்ந்தது அதற்கு 17 வருடங்கள் கழித்து, 1892இல் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

1878இல் சென்னையில் பட்டயம் பெற்றதும் பிள்ளைகளுடன் இலண்டனுக்குப் போனார். கணவர் தொழிலுக்காகச் சென்னையிலேயே இருந்துவிட்டார். இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் திரும்பவும் படித்து, 1882இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தை முதன்முதல் பெற்ற இரண்டு பெண்களில் ஒருவரானார். பிரசவ வைத்தியப் பாடத்தில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. வியன்னாவுக்குப் போய் மேலதிகப் பயிற்சியும் எடுத்தார். மறுவருடம் விக்டோரியா மகாராணியைச் சந்தித்து இந்தியப் பெண்களின் நிலைமையை நேரில் விளக்கினார். பிறகு சென்னைக்குத் திரும்பினார்.

1885இல் நுங்கம்பாக்கத்தில் மூர்ஸ் கார்டன் என்ற வளவில் வைத்தியசாலை தொடங்கியது. மகாராணியின் பெயரை அதற்கு வைக்க அனுமதி கிடைத்தது. பிறகு வெங்கடகிரி அரசர் பெருந்தொகை உதவ, சேப்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. ஆண்கள் நுழையாத வைத்தியசாலை, பெண்ணே பார்க்கும் வைத்தியம் என்பதால், அதுவரை எந்த வைத்தியசாலைக்கும் வராத பெண்கள் அங்கே வந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கோஷாவை விட்டுவிட்டு வந்தால்தான் வைத்தியம் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே வரக்கூடிய ஒரு வாசலைக் கட்டிக் கொடுத்தார்.

உடல்நிலை இடம் கொடுக்காததால் 1887இல் இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மறுவருடம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். அவருடைய சத்திரசிகிச்சை வாழ்க்கை உண்மையில் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதைச் சொல்வதற்கு முன்னர் சூலகக் கட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெண்ணின் கருப்பைக்கு இருபக்கமும் பாதாம் பருப்பு வடிவத்தில் இரண்டு சூலகங்கள் இருக்கின்றன. பிறக்கும்போதே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட முதிராத சூல்கள் அவற்றுக்குள் இருக்கும். பருவமடையும்போது மூன்று நான்கு இலட்சமாகக் குறைந்துவிடும். பின்னர் புதிதாக உண்டாவதில்லை. இந்தச் சிறிய உறுப்பில் வளரும் கட்டி சில வேளைகளில் வயிறு முழுவதையும் நிரப்பிவிடும். பழைய காலத்தில் அதைக் கர்ப்பம் என்று நினைத்தவர்கள் பலர்.

அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டொட் க்ரோஃபர்ட் என்ற பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் முதலில் சொன்னார்கள். எஃப்ரயிம் மக்டவல் என்ற வைத்தியர் அது கட்டி என்று கண்டார். அந்தப் பெண் குதிரையில் ஏறிச் சுமார் 60 மைல் பயணம் செய்து அவருடைய ஊருக்குப் போனார். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போய்த் திரும்பி வரும் தூரம் அது, வயிற்றில் 10 கிலோ கட்டியுடன். 1809ஆம் ஆண்டு டிசம்பரில் மயக்க மருந்து எதுவும் இல்லாமல் 25 நிமிடத்தில் கட்டி அகற்றப்பட்டது. அவர் மேலும் 32 வருடங்கள் வாழ்ந்தார். அதன் பிறகும் பல வருடங்கள் வயிற்றைத் திறப்பதென்றால் வைத்தியர்கள் நடுங்கினார்கள். கிருமித்தொற்றால் நோயாளிகள் இறந்துபோவார்கள். மயக்க மருந்தும், லிஸ்டர் காட்டிய கிருமி நீக்கும் முறையும் வந்த பிறகே பயம் குறைந்தது.

இலண்டனில் எலிசபெத் காரெட் அன்டர்சன் அம்மையார் பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் வைத்தியசாலை ஒன்றை 1872இல் தொடங்கியிருந்தார். அவர் முதன்முதலாகச் சூலகக் கட்டி ஒன்றை அறுக்க முனைந்தபோது நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. நோயாளி இறந்தால் வைத்தியசாலைக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயந்தார்கள். அவரோ சொந்தச் செலவில் வேறொரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சுத்தம் செய்து, அங்கே வைத்து அறுத்தார். நோயாளி பிழைத்தார். அந்த வைத்தியசாலையில்தான் மேரி ஷார்லீப் சேர்ந்தார். காரெட் அன்டர்சன் ஓய்வு பெற்றதும் தலைமைச் சத்திரசிகிச்சை வைத்தியரானார். சூலகம், கருப்பை என்று பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைகளை ஒரு பெண் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவருடைய கைகளே பதில் சொல்லின. 1902இல் ரோயல் பிரீ வைத்தியசாலையின் பெண்நோயியல் வைத்தியராக நியமிக்கப்பட்டார். ஒரு பொது வைத்தியசாலையில் பெண்ணுக்கு அப்படியொரு பதவி கிடைப்பது அப்போது பெரிய விஷயம்.

அந்தக் காலத்துச் சத்திரசிகிச்சையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கட்டி வந்தால் சூலகத்தை முழுதாக எடுத்துவிடுவதே வழக்கம். உயிர்தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. அதைவிட மோசமானது, 1872 முதல் அமெரிக்க வைத்தியர் ரொபர்ட் பேட்டி தொடங்கிவைத்த முறை. மனக்கோளாறு, மாதவிடாய் வலி என்று காரணம் சொல்லி, நோயில்லாத சூலகங்களையே எடுத்தார்கள். இளம் பெண்கள் பலர் அதனால் பிள்ளைப் பேற்றை இழந்தார்கள். பிறகுதான், எதை எடுப்பது என்பதோடு எதை விட்டுவைப்பது என்றும் வைத்தியர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் விக்டர் பொனி இதில் முக்கியமானவர். அவருடைய மனைவிக்கே இளவயதில் கருப்பை அகற்றப்பட்டு, அவர்களுக்குப் பிள்ளையில்லாமல் போனது. கட்டியை மட்டும் உரித்தெடுத்து, சூலகத்தையும் கருப்பையையும் காப்பாற்றும் முறைகளை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

இது எனக்குப் பாடப் புத்தகத்தில் மட்டும் உள்ள விஷயமல்ல. என் சாச்சிக்கு 19 வயதில் அடிவயிறு பாரமாக இருந்தது. பாவாடைக் கயிறு இறுகியது. வாயு என்று சொல்லி உம்மும்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஓதிப் பார்த்து நூல் கட்டினார்கள். ஸ்கேன் எடுக்கலாம் என்று வாப்பா சொன்னபோது வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கலியாணம் முடிக்காத பிள்ளை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர்கள் கண்டால் என்ன கதை கட்டுவார்கள்? வயிற்றில் கத்தி பட்டது என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வருவான்? இப்படியே எட்டு மாதம் போனது. ஒருநாள் இரவு திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி. முச்சக்கர வண்டியில் மலைப்பாதை வழியாக வைத்தியசாலைக்கு ஓடினார்கள்.

கட்டியுடன் சூலகம் முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். நேரம் போகப் போகச் சூலகம் செத்துவிடும். அன்றிரவே முறுக்கை அவிழ்த்து, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, சூலகத்தை விட்டுவைத்தார்கள். கட்டிக்குள் மயிரும் பல்லும் இருந்ததாகக் கேட்டதும் உம்மும்மா சூனியம் என்றே முடிவு கட்டிவிட்டார். டொக்டர் பொறுமையாக விளக்கினார். சூல் கலங்களுக்கு உடலின் எந்த இழையமாகவும் மாறக்கூடிய தன்மை உண்டு. அதனால் அவற்றிலிருந்து வரும் ஒருவகைக் கட்டியில் மயிர், பல், கொழுப்பு எல்லாம் உண்டாகும். இளம் பெண்களுக்கு வரும் சூலகக் கட்டிகளில் இது சாதாரணமானது, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சாச்சிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நம் கல்லூரியில்தான் படிக்கிறாள்.

பெற்றோர் இதை வாசிப்பார்கள் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு சூலகத்தை முழுதாக எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் மாதவிடாய் வரும், பிள்ளையும் கிடைக்கும். இளம் பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் வந்தாலும், அது ஒரு பக்கத்தோடு நிற்கும்போது கண்டுபிடித்தால், மறு சூலகத்தையும் கருப்பையையும் காப்பாற்றிச் சிகிச்சை செய்ய முடிகிற வகைகள் உண்டு. கட்டியை உரிக்கும்போது அதனுடன் நல்ல சூல்களும் கொஞ்சம் போய்விடும் என்பதால், இரத்தம் நிறுத்தச் சூடு வைப்பதைக் கூட இன்று அளவோடு செய்கிறார்கள். கடுமையான புற்றுநோய் மருந்து கொடுக்க முன்னர் சூலக இழையத்தை எடுத்து உறையவைத்து, நோய் குணமான பிறகு திரும்ப உடலில் வைக்கிற முறையும் வந்துவிட்டது. அப்படி வைத்த ஒரு பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் பிள்ளை பிறந்தது. ஆனால் இவற்றில் பலவும் நேரத்தோடு வருகிறவருக்குத்தான் உதவும். சாச்சியின் எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும். சென்னையில் கோஷாப் பெண்கள் வராமல் இருந்ததற்காவது பெண் வைத்தியர் இல்லை என்ற காரணம் இருந்தது. சாச்சியை வரவிடாமல் தடுத்தது ஊர் வாய்தான்.

மேரி அம்மையார் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்பதல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். அதுபற்றி அவருடைய காலத்திலேயே மற்றப் பெண் வைத்தியர்களுக்கு வேறு கருத்து இருந்தது. ஆனால் பெண்கள் தங்கள் உடலைத் தாங்களே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வாழும் பெண்கள் உடல்நலத்தைப் பேணுவது பற்றி 1895இல் ஒரு புத்தகம் எழுதினார். 1897இல், 52 வயதில், சத்திரசிகிச்சையில் உயர்பட்டமும் பெற்றார். அந்த வயதில் ஒருவர் பரீட்சைக்குப் படிப்பதை, தவணைப் பரீட்சைக்கே அலுத்துக்கொள்ளும் நாங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பெண்கள் நீதவான்களாக முதன்முதல் நியமிக்கப்பட்ட 1920இல் அவரும் ஒரு நீதவான் ஆனார். 1924இல் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1926இல் டேம் என்ற உயர்ந்த பட்டம் கிடைத்தது. 1930 நவம்பர் 21ஆம் திகதி, 85 வயதில் இலண்டனில் காலமானார். இந்தியா சுதந்திரம் அடைந்த பின்னர், சேப்பாக்கத்து வைத்தியசாலைக்கு இருந்த மகாராணியின் பெயரை மாற்றிக் கஸ்தூரிபா காந்தியின் பெயரை வைத்தார்கள். கோஷா என்ற பெயரை மட்டும் ஊர் மக்கள் விடவில்லை.